பிளான்டயருக்கு ஆய்வுக்குப் போகிறீர்களா? வீட்டு விஷயத்தில் இந்தத் தப்புகள் வேண்டாம்

ஆய்வுக்காக வெளிநாடு கிளம்பும் டாக்டர்களைக் கவனித்திருக்கிறீர்களா? நெறிமுறைக் குழுவுக்கான விண்ணப்பத்தை மாதக்கணக்கில் திருத்துவார்கள், எத்தனை நோயாளிகளைச் சேர்ப்பது என்று புள்ளியியல்காரரோடு மல்லுக்கு நிற்பார்கள், "தங்க என்ன ஏற்பாடு?" என்று கேட்டால் மட்டும் "அதெல்லாம் அங்கே போய்ப் பார்த்துக்கலாம்" என்பார்கள். எடின்பரோவுக்கோ பாஸ்டனுக்கோ போகிறவர் அப்படிச் சொன்னால் வாடகையில் கொஞ்சம் ஏமாறுவார், அதோடு போச்சு. மலாவி நாட்டின் பிளான்டயருக்குப் போகிறவர் அப்படிச் சொன்னால் வேலையே படுத்துவிடும். அங்கே வீடும் ஆய்வுத் திட்டத்தில் ஒரு பகுதி. கரண்ட், தண்ணீர், கொசு, காவல், அக்கம்பக்கம் இதெல்லாம் ஒழுங்காக இருந்தால்தான் காலையில் வார்டுக்குப் போய் உருப்படியாக எதையாவது செய்ய முடியும்.

ஏன் பிளான்டயர் என்று கேட்பவர்களுக்கு: தென்கிழக்கு ஆப்பிரிக்காவில், கடல் மட்டத்திலிருந்து ஆயிரம் மீட்டருக்குச் சற்று மேலே இருக்கிற மலைப்பாங்கான ஊர் அது. ஆப்பிரிக்கப் பயணி டேவிட் லிவிங்ஸ்டன் பிறந்த ஸ்காட்லாந்து ஊரின் பெயரை 1876-ல் வந்த மிஷனரிகள் இதற்கு வைத்தார்கள். குயீன் எலிசபெத் மத்திய மருத்துவமனை இங்கேதான் இருக்கிறது. ஊரில் எல்லாருக்கும் அது வெறும் 'குயீன்ஸ்'. அதை ஒட்டி 1995-ல் தொடங்கிய மலாவி-லிவர்பூல்-வெல்கம் ஆய்வு மையம் இருக்கிறது. குழந்தைகளுக்கு வரும் மூளை மலேரியாவைப் பற்றி உலகம் தெரிந்துகொண்டதில் பெரும்பங்கு இந்த வளாகத்திலிருந்து வந்தது. மலேரியா ஆய்வாளர்கள் மால்கம் மாலினியூவும் டெர்ரி டெய்லரும் சேர்ந்து, குழந்தை எந்த அளவுக்கு நினைவிழந்திருக்கிறது என்று அளக்க 1989-ல் வெளியிட்ட அளவுகோல்தான் இன்றைக்கும் நாம் வார்டில் பயன்படுத்துகிற பிளான்டயர் கோமா ஸ்கோர். 2008-ல் நாட்டின் முதல் எம்.ஆர்.ஐ. இயந்திரம் வந்தது, அதை வைத்து 2015-ல் ஒரு கட்டுரை வந்தது: மூளை மலேரியாவில் இறந்த 25 குழந்தைகளில் 21 பேருக்கு மூளை கடுமையாக வீங்கியிருந்தது, பிழைத்த 143 பேரில் 39 பேருக்குத்தான் அப்படி. இப்படிப்பட்ட இடத்துக்கு மலேரியா, எய்ட்ஸ், காசநோய், சால்மொனெல்லா என்று ஏதோ ஒரு ஆய்வுக்காக ஆறு மாதமோ ஒரு வருஷமோ போகிறவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதல் தப்பு, போய் இறங்கும் தேதி. டெய்லர் பல பத்தாண்டுகளாக ஆண்டின் பாதியை மிச்சிகனிலும் மீதியை, அதாவது ஜனவரியிலிருந்து ஜூன் வரை, பிளான்டயரிலும் கழித்தவர். காரணம் எளிது: மழை நவம்பர் வாக்கில் ஆரம்பித்து ஏப்ரல் வரை போகும், அதைத் தொடர்ந்து மலேரியா ஏறும், ஜனவரி தாண்டினால் குழந்தைகள் வார்டு நிரம்பி வழியும். அதனால் ஆய்வுக் காலமும் அப்போதுதான். இதைப் படித்துவிட்டு நம் ஆட்கள் ஜனவரி முதல் வாரத்துக்கு டிக்கெட் போடுகிறார்கள். அப்படிப் போய் இறங்கினால் கொட்டுகிற மழையில் வீடு தேட வேண்டும், புத்தாண்டு விடுமுறைக்குப் போன அதிகாரிகள் இன்னும் திரும்பியிருக்க மாட்டார்கள், அதே நேரத்தில் வார்டில் முதல் நோயாளியைச் சேர்க்கச் சொல்லிக் கூப்பிடுவார்கள். அக்டோபர் கடைசியிலோ நவம்பரிலோ போய்விடுங்கள். மழைக்கு முந்தைய வெயில் கொஞ்சம் வாட்டும், ஆனால் கூரை எங்கே ஒழுகுகிறது என்று முதல் மழையிலேயே தெரிந்து, வீட்டுக்காரரை விரட்ட நேரம் இருக்கும். முதல் இரண்டு மூன்று வாரத்துக்கு விருந்தினர் விடுதியில் அறை எடுத்துக்கொண்டு, அங்கிருந்து வீடு பாருங்கள். இந்தியாவில் உட்கார்ந்துகொண்டு போட்டோவைப் பார்த்து முன்பணம் அனுப்பவே வேண்டாம்.

வீடு பார்க்கும்போது

போட்டோவில் எல்லா வீடும் அழகுதான். மண்டாலா, சன்னிசைடு, நமிவாவா, நியாம்பாட்வே பக்கமெல்லாம் பெரிய தோட்டம், ஜகரண்டா மரம், வராந்தாவில் நின்றால் மலை தெரியும். அந்த வராந்தாவில் மயங்கித்தான் முக்கால்வாசிப் பேர் கையெழுத்துப் போடுகிறார்கள். பார்க்க வேண்டியது வேறு.

மின்சாரம் முதலில். மலாவியின் மின்சாரத்தில் பெரும்பகுதி ஷிரே ஆற்றின் நீர்மின் நிலையங்களிலிருந்து வருகிறது, அதாவது ஒரே ஆற்றை நம்பி நாடே இருக்கிறது. 2022 ஜனவரியில் அனா புயல் வந்தபோது கபிச்சிரா அணை உடைந்து, சுமார் 130 மெகாவாட் ஒரே அடியில் போனது, திரும்பி வர ஒரு வருஷத்துக்கு மேல் ஆனது. 2012-ல் தமிழ்நாட்டில் பட்ட மின்வெட்டு ஞாபகம் இருப்பவர்களுக்கு விளக்கவே வேண்டாம். ஆனால் நம் ஆட்கள் செய்வது என்னவென்றால், "இன்வெர்ட்டர் இருக்கு" என்று வீட்டுக்காரர் சொன்னதும் தலையாட்டிவிடுகிறார்கள். பேட்டரி எத்தனை வருஷம் பழையது, எதெல்லாம் அதில் ஓடும், கரண்ட் அரை நாள் வரவில்லை என்றால் எதை வைத்து சார்ஜ் ஆகும் என்று கேளுங்கள். கூரையில் சோலார் பலகை இல்லாத இன்வெர்ட்டர் நீண்ட வெட்டில் சீக்கிரம் கையை விரித்துவிடும். பக்கத்து வீட்டுக் காவலாளியிடம் "வாரத்தில் எத்தனை தடவை போகுது, சாயந்திரமா காலையிலா?" என்று கேட்டால் வீட்டுக்காரர் சொல்லாததெல்லாம் வரும். ஃபிரிட்ஜுக்கு ஸ்டெபிலைசர் போடாமல் இருக்காதீர்கள், போன கரண்ட் திரும்பி வருகிற நேரத்தில்தான் சாமான்கள் புகையும்.

மீட்டர் பெரும்பாலும் முன்பணம் கட்டுகிற வகை. போனிலேயே யூனிட் வாங்கி, வருகிற நீளமான எண்ணை மீட்டரில் அழுத்த வேண்டும். முன்னால் இருந்தவர் வைத்துவிட்டுப் போன பாக்கி ஏதாவது அந்த மீட்டரில் இருக்கிறதா என்று சாவி வாங்குவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள்.

தண்ணீரை இதிலிருந்து தனியாகப் பார்ப்பதுதான் அடுத்த தப்பு. நகரம் மலை மேல், ஆறு கீழே. வாக்கர்ஸ் ஃபெரி என்ற இடத்தில் ஷிரே ஆற்றிலிருந்து எடுக்கும் தண்ணீரைப் பல நூறு மீட்டர் உயரத்துக்கு பம்ப் போட்டு ஏற்றித்தான் ஊருக்குக் கொண்டுவருகிறார்கள். பம்ப் ஓட கரண்ட் வேண்டும். ஆக, கரண்ட் நீண்ட நேரம் போனால் அடுத்த நாள் குழாயும் காயும். மாடியில் பெரிய தொட்டி இருக்கிறதா, அதற்கு மூடி இருக்கிறதா, கடைசியாக எப்போது கழுவினார்கள் என்று ஏறிப் பாருங்கள், வெட்கப்படாதீர்கள். 2022 மார்ச்சில் ஆரம்பித்த காலரா அடுத்த வருஷமும் நீண்டு 1,700 பேருக்கு மேல் பலி வாங்கியது, அந்த நாட்டின் வரலாற்றிலேயே மோசமான காலரா அதுதான். குடிக்கிற தண்ணீரைக் கொதிக்க வைப்பதையோ குளோரின் கரைசல் விடுவதையோ மழைக்காலத்தில் ஒரு நாளும் விடக்கூடாது. பல் தேய்க்கும் தண்ணீரும் அதிலிருந்துதான்.

அப்புறம் சரிவு. 2023 மார்ச்சில் ஃபிரெடி புயல் பிளான்டயரைத் தாக்கியபோது சோச்சே மலையடிவாரத்தில் சிலோப்வே பக்கம் சேறும் பாறையும் ராத்திரியில் இறங்கி வீடுகளை அடித்துக்கொண்டு போயின. நாடு முழுக்க ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள் அல்லது காணாமல் போனார்கள். வெளியூர் டாக்டர்கள் அந்த நெரிசலான பகுதிகளில் குடியேறுவது குறைவுதான், ஆனால் மலைக்காட்சி உள்ள வீடு என்றாலே அது ஏதோ ஒரு சரிவில் இருக்கிறது என்று அர்த்தம். பின்பக்கச் சுவரில் பழைய வெள்ளக்கோடு தெரிகிறதா, வடிகால் எங்கே போய் முடிகிறது என்று பாருங்கள். இன்னொன்று, ஜன்னல் எல்லாவற்றுக்கும் திருட்டுக்குப் பயந்து கம்பி போட்டிருப்பார்கள். தீப்பிடித்தால் எந்த வழியாக வெளியே வருவது என்று முதல் நாளே பார்த்து, அந்தக் கதவின் சாவியைப் படுக்கைக்குப் பக்கத்தில் மாட்டிவிடுங்கள்.

சமையல் பற்றி ஒரு எச்சரிக்கை மட்டும். நீங்கள் வாடகைக்கு எடுக்கிற மாதிரி வீடுகளில் பெரும்பாலும் மின் அடுப்பு, வெட்டு வந்தால் அங்கேயும் கரி அடுப்புக்கு மாறுவார்கள். அதை மூடிய சமையலறைக்குள்ளேயோ, ஜூன் குளிருக்கு இதமாக இருக்கிறது என்று படுக்கையறைக்குள்ளேயோ வைத்துவிடாதீர்கள். கார்பன் மோனாக்சைடு என்ன செய்யும் என்று டாக்டர்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை, ஆனால் வைக்கிறவர்களும் டாக்டர்கள்தான். சின்ன கேஸ் சிலிண்டர் ஒன்று வாங்கி வைத்துக்கொள்வது உத்தமம், கிடைக்கும்போதே நிரப்பிவிட வேண்டும்.

"மலேரியா நமக்குப் புதுசா?"

இந்த வசனத்தை நம் ஊர் டாக்டர்கள் வாயிலிருந்து கேட்கும்போதெல்லாம் எனக்கு எரிச்சல் வரும். சென்னையில் நாம் பார்த்து வளர்ந்தது பெரும்பாலும் வைவாக்ஸ் என்கிற சாதுவான மலேரியா வகை. காய்ச்சல், நடுக்கம், குளோரோகுயின், பிரைமாகுயின், ஆள் எழுந்து நடந்துவிடுவார். பிளான்டயரில் இருப்பது ஃபால்சிபாரம், ஆளைக் கொல்லும் வகை. அங்கே பிறந்து வளர்ந்த பெரியவர்களுக்குத் திரும்பத் திரும்பத் தொற்றி வந்த ஓரளவு எதிர்ப்பு உண்டு. மதுரையிலிருந்து போன உங்களுக்கு அது கிடையாது. இந்த விஷயத்தில் உங்களுக்கும் அந்த வார்டில் படுத்திருக்கிற மூன்று வயதுக் குழந்தைக்கும் பெரிய வித்தியாசமில்லை. ஓரிரு நாளில் கடுமையாகிவிடும்.

குளோரோகுயினில் இன்னொரு குழப்பம் வேறு. மலாவி 1993-லேயே அந்த மருந்தைக் கைவிட்டது, ஆப்பிரிக்காவில் முதலில் கைவிட்ட நாடு அதுதான். மருந்தை நிறுத்தினதால் எதிர்ப்புள்ள ஒட்டுண்ணிகள் மெல்ல மறைந்து, நிடிராண்டே பகுதிக் குழந்தைகளிடம் நடத்திய ஆய்வில் மறுபடி குளோரோகுயின் நன்றாக வேலை செய்கிறது என்று 2006-ல் வெளிவந்தது. அருமையான ஆய்வு, சந்தேகமில்லை. ஆனால் அதைப் படித்துவிட்டு "அப்போ தடுப்புக்குக் குளோரோகுயின் போதும்" என்று முடிவு செய்பவர்கள் இருக்கிறார்கள்! போதாது. அங்கே போகிறவர்களுக்குச் சொல்லப்படுவது அடோவாகுவோன்-புரோகுவானில், டாக்ஸிசைக்ளின், மெஃப்ளோகுயின் இந்த வரிசைதான். மெஃப்ளோகுயினைக் கிளம்புவதற்கு இரண்டு வாரம் முன்பே ஆரம்பிக்க வேண்டும், மனநலப் பிரச்சினை முன்பு இருந்தவர்கள் தொடவே கூடாது. டாக்ஸிசைக்ளின் சாப்பிட்டால் வெயில் சுடும், பிளான்டயர் வெயிலை மேகம் மறைத்திருந்தாலும் நம்ப முடியாது. எது என்று உங்களுக்குத் தெரிந்த பயண மருத்துவ நிபுணரிடம் கேட்டு முடிவு செய்துகொள்ளுங்கள், நமக்கு நாமே சீட்டு எழுதிக்கொள்வதை இந்த ஒரு முறை விட்டுவிடலாம்.

மாத்திரை ஒரு பாதிதான், மறுபாதி வீடு. மலேரியாவைப் பரப்பும் அனாஃபிலஸ் கொசு கடிக்கிற நேரம் பெரும்பாலும் நள்ளிரவுக்குப் பின், வீட்டுக்குள், நீங்கள் தூங்கும்போது. வராந்தாவில் சாயந்திரம் கிரீம் தடவிக்கொண்டு உட்கார்ந்துவிட்டு, ராத்திரி "புழுக்கமா இருக்கு" என்று வலையைத் தூக்கிச் சுருட்டி வைக்கிறவர்கள் பாதுகாப்பைச் சரியாகத் தலைகீழாகச் செய்கிறார்கள். ஜன்னல் வலையில் கிழிசல் இருந்தால் குடிபுகும் முன்பே மாற்றச் சொல்லுங்கள், வாடகைப் பேச்சிலேயே அதைச் சேர்த்துவிடுங்கள். பூச்சிமருந்து ஊட்டிய கொசுவலை கட்டிலின் நான்கு பக்கமும் மெத்தைக்கு அடியில் செருகுகிற அளவுக்குப் பெரியதாக இருக்க வேண்டும், நட்சத்திர ஓட்டலில் தொங்குவது மாதிரி அலங்காரமாக ஒரு வளையத்தில் மாட்டிய வலையில் தூங்கினால் முழங்கால் வலையில் ஒட்டிக்கொண்டு, கொசு வெளியிலிருந்தே கடிக்கும்.

காய்ச்சல் வந்தால் அன்றைக்கே ரத்தம் பாருங்கள். வார்டில் நாற்பது குழந்தைகள் இருக்கிறார்கள், நாளைக்குப் பார்க்கலாம் என்ற பெருந்தன்மை வேண்டாம். துரிதப் பரிசோதனைப் பட்டை ஒன்றிரண்டு வீட்டில் வைத்துக்கொள்ளலாம், ஆனால் ஒரு முறை மலேரியா வந்து குணமான பிறகும் அது பல வாரங்களுக்குப் பாசிட்டிவ் காட்டும் என்பதால் இரண்டாவது காய்ச்சலுக்கு நுண்ணோக்கியில் பார்ப்பதே சரி.

துணி காயப்போடுவதில் ஒரு ஆபத்து

சிரிக்காதீர்கள். புட்ஸி ஈ என்று ஒன்று இருக்கிறது. ஈரத் துணியிலும் நிழலான மண்ணிலும் முட்டை வைக்கும். அந்தத் துணியை அப்படியே போட்டுக்கொண்டால் குஞ்சுப் புழு தோலுக்குள் நுழைந்து, சில நாளில் கட்டி மாதிரி வீங்கும், நடுவில் ஒரு சிறு துளை தெரியும். இதைச் சாதாரணக் கட்டி என்று நினைத்து ஆன்டிபயாடிக் சாப்பிட்டுக்கொண்டே இருந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். வாசலின் தடவி துளையை அடைத்தால் புழுவே மூச்சுக்கு மேலே வரும், அப்புறம் மெல்ல அழுத்தி எடுத்துவிடலாம்.

வராமல் இருக்க ஒரே வழி இஸ்திரி. சட்டை, பேன்ட் மட்டுமல்ல, உள்ளாடை, சாக்ஸ், துண்டு, படுக்கை விரிப்பு, குழந்தையின் துணி எல்லாவற்றையும் தையல் ஓரம் வரை சூடாகத் தேய்க்க வேண்டும். இங்கேதான் கரண்ட் மறுபடி வருகிறது: மூன்று நாள் தொடர்ந்து சாயந்திரம் கரண்ட் இல்லை என்றால் தேய்க்காத துணியைப் போட்டுவிடத் தோன்றும். நம் தெருமுனை வண்டிக்காரர் வைத்திருக்கிற மாதிரிக் கரி இஸ்திரிப் பெட்டி அங்கே சந்தையில் கிடைக்கும், ஒன்று வாங்கி வைத்துவிடுங்கள். முடிந்தால் கம்பிவலை போட்ட பின்கட்டுக்குள் கொடி கட்டிக் காயப்போடச் சொல்லுங்கள். வீட்டு வேலைக்கு வருபவருக்கு இதெல்லாம் உங்களைவிட நன்றாகத் தெரிந்திருக்கும், "உள்ளாடையைத் தேய்க்கிறாங்களே" என்று கூச்சப்பட்டுத் தடுக்காமல் இருந்தால் போதும்.

பெட்டியில் எதை அடைப்பது

ஆப்பிரிக்கா என்றால் வெயில் என்று நினைத்துப் பருத்திச் சட்டைகளோடு மட்டும் போகிறவர்கள் மே மாதத்திலிருந்து பல்லைக் கடித்துக்கொண்டு இருப்பார்கள். மொசாம்பிக் பக்கமிருந்து சிப்பெரோனி என்று ஒரு மூடுபனித் தூறல் வந்து நாள்கணக்கில் நிற்கும்; வீடுகளில் சூடேற்றும் வசதி கிடையாது, கொடைக்கானல் போகிறதாக நினைத்துப் பெட்டி கட்டுங்கள். பிளக் இங்கிலாந்தில் இருப்பது போன்ற மூன்று சதுரக் கால் வகை, நம் உருண்டைக் கால் பிளக் உள்ளே போகாது.

துவரம்பருப்பைக் கிலோக்கணக்கில் சுமந்துகொண்டு போகாதீர்கள். மலாவி துவரை விளைகிற நாடு, அங்கே நந்தோலோ என்பார்கள், பிளான்டயரை ஒட்டிய லிம்பேயில் இருக்கிற ஆலைகளில் உடைத்து இந்தியாவுக்கே ஏற்றுமதி செய்கிறார்கள். 2017-ல் இந்தியா துவரை இறக்குமதிக்கு வரம்பு போட்டபோது விலை சரிந்து அந்த ஊர் விவசாயிகள் தலையில் கை வைத்துக்கொண்டார்கள். 2021-ல்தான் ஆண்டுக்கு 50,000 டன் வாங்குவதாக ஒப்பந்தம் போட்டார்கள். நாம் வைக்கிற சாம்பாருக்கும் அந்த விவசாயிக்கும் ஏற்கெனவே தொடர்பு இருக்கிறது, அங்கே போய் அவர்களிடமே வாங்குங்கள். புளியும் அங்கே மரத்தில் காய்க்கிறது. லிம்பேயில் குஜராத்திக் குடும்பங்களின் மளிகைக் கடைகள் தலைமுறை தலைமுறையாக இருக்கின்றன, மசாலாவெல்லாம் கிடைக்கும். நீங்கள் கொண்டுபோக வேண்டியது குக்கர், அதற்கு உபரியாக இரண்டு கேஸ்கெட், காபி ஃபில்டர், தலையில் மாட்டுகிற டார்ச் விளக்கு, அப்புறம் நீங்கள் வழக்கமாகச் சாப்பிடும் மருந்துகள் முழுக் காலத்துக்கும், சீட்டோடு.

வீட்டில் வேலை செய்பவர்களும் பக்கத்து வீடும்

வாசலில் ஒரு காவலாளி, வீட்டு வேலைக்கு ஒருவர், சில சமயம் தோட்டத்துக்கு ஒருவர் என்று வீட்டோடு சேர்த்தே ஆட்களும் வருவார்கள், பின்கட்டில் அவர்கள் தங்க அறையும் இருக்கும். "நான் தனி ஆள், எனக்கு எதுக்கு இத்தனை பேர்" என்று எல்லாரையும் அனுப்பிவிடுவது கேட்க நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் அந்த வேலையை நம்பி ஊரில் ஒரு குடும்பம் இருக்கும், காவலாளி இல்லாத வீடு எது என்பது தெருவுக்கே தெரிந்துவிடும், துணி தேய்ப்பதற்கும் தண்ணீர் பிடிப்பதற்கும் நீங்கள் வார்டிலிருந்து ஓடி வர முடியாது. வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் சம்பளம், விடுமுறை, நீங்கள் ஊர் திரும்பும்போது எவ்வளவு கொடுப்பது எல்லாவற்றையும் முதல் வாரத்திலேயே எழுத்தில் வைத்துவிடுங்கள். துக்கத்துக்கு விடுப்பு கேட்டால் யோசிக்காமல் கொடுங்கள். ஒரு சாவுக்குப் போகாமல் இருப்பது நம் ஊரில் எவ்வளவு பெரிய குற்றமோ அங்கேயும் அப்படித்தான்.

பேச்சை நேரடியாக வேலையிலிருந்து ஆரம்பிப்பது மரியாதைக் குறைவு. உள்ளூர் மொழியான சிச்சேவாவில் "முலி புவாஞ்ஜி" என்று நலம் விசாரித்து, பதில் வாங்கி, அவர்களும் திரும்பக் கேட்டு, அதற்கப்புறம்தான் "கேட் ஏன் திறந்து கிடக்கு". பெரியவர்களைப் பம்போ, மாயி என்று கூப்பிடலாம், நம் ஐயா, அம்மா மாதிரிதான். வார்டில் நோயாளியின் துணைக்கு இருக்கும் உறவினரிடம் ஒப்புதல் வாங்கும்போதும் இதே வரிசைதான், வீட்டு வாசலில் பழகிக்கொண்டால் அங்கே தானாக வரும்.

இனி நான் முக்கியமாகச் சொல்ல வந்த விஷயம். ரத்த மாதிரிப் பெட்டியை வீட்டுக்குக் கொண்டுவராதீர்கள். ஆய்வகம் மூடியிருந்தது, ஃப்ரீசரில் ஒரு ராத்திரி வைத்துக்கிறேன் என்பது போன்ற காரணம் எதுவும் செல்லாது. தொற்று, மாதிரி கெட்டுப்போவது, நெறிமுறை மீறல் எல்லாம் ஒரு பக்கம் இருக்கட்டும். 2017-ல் மலாவியின் தெற்கு மாவட்டங்களில், முலாஞ்சே, பலோம்பே பக்கம், ராத்திரியில் மனித ரத்தம் உறிஞ்சுகிறார்கள் என்று ஒரு வதந்தி கிளம்பிப் பரவியது. சந்தேகப்பட்டவர்களைக் கும்பல் அடித்துக் கொன்றது, ஐ.நா. தன் பணியாளர்களை அந்தப் பகுதியிலிருந்து விலக்கிக்கொண்டது, அரசு இரவு ஊரடங்கு போட்டது, அக்டோபரில் பிளான்டயரிலேயே இருவர் கொல்லப்பட்டார்கள். இதை மூடநம்பிக்கை என்று சிரித்துவிட்டுப் போவது சுலபம். எங்கிருந்தோ வந்தவர்கள், கார் வைத்திருப்பவர்கள், குழந்தைகளிடமிருந்து ரத்தம் எடுத்து எங்கேயோ அனுப்புகிறவர்கள், எதற்கு என்று யாருக்கும் சரியாகச் சொல்லாதவர்கள்: வெளியிலிருந்து பார்த்தால் நாம் அப்படித்தான் தெரிவோம், அந்த பயத்துக்கு அதன் அளவில் ஒரு நியாயம் இருக்கிறது என்பதுதான் என் எண்ணம். அதனால் புது வீட்டுக்குப் போன முதல் வாரமே பக்கத்து வீடுகளுக்கும், அந்தப் பகுதியின் தலைவர் என்று யாரை மதிக்கிறார்களோ அவருக்கும், நீங்கள் யார், குயீன்ஸில் என்ன வேலை, எதற்கு ரத்தம் எடுக்கிறீர்கள் என்று ஒரு உள்ளூர் சகாவைக் கூட்டிக்கொண்டு போய்ச் சொல்லிவிடுங்கள். நள்ளிரவில் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்திப் பெட்டி இறக்குகிற வேலையே வேண்டாம்.

காசு, காகிதம், வண்டி

மலாவியின் நாணயம் குவாச்சா. 2023 நவம்பரில் ஒரே நாளில் டாலருக்கு 1,180 குவாச்சா என்று இருந்தது 1,700 ஆனது. உங்கள் உதவித்தொகை குவாச்சாவில், வாடகை டாலரில் என்று ஒப்பந்தம் போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். இரண்டும் ஒரே நாணயத்தில் இருக்கும்படி பார்த்துக்கொள்ள வேண்டும். வெளிச்சந்தையில் கூடுதல் விலைக்கு டாலர் மாற்றித் தருகிறேன் என்று சொல்லாத ஆளே இருக்க மாட்டார், அது சட்டவிரோதம், உங்கள் அனுமதியை வைத்து விளையாடாதீர்கள். போன் வழியாகப் பணம் அனுப்பும் கணக்கு ஒன்று முதல் நாளே தொடங்குங்கள், யூனிட் வாங்குவதிலிருந்து தக்காளிக்காரருக்குக் கொடுப்பது வரை அதில்தான் ஓடும்.

சுற்றுலா அனுமதியில் நுழைந்து ஆய்வு ஆரம்பிப்பது கூடாது. உள்ளூர் நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் வேறு, குடியேற்றத் துறையின் அனுமதி வேறு, நோயாளியைத் தொட வேண்டுமென்றால் மலாவி மருத்துவக் கவுன்சிலில் பதிவு வேறு. ஒன்று கிடைத்தால் மற்றது கிடைத்த மாதிரி இல்லை. அடிஸ் அபாபாவோ நைரோபியோ வழியாகப் போகிறவர்கள் மஞ்சள் காய்ச்சல் ஊசியை முன்கூட்டியே போட்டுக்கொள்ளுங்கள், சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டில் போடுகிறார்கள், சான்றிதழ் செல்லுபடியாகப் பத்து நாள் ஆகும். போகும்போது யாரும் கேட்காவிட்டாலும் திரும்பும்போது நம் விமான நிலையத்தில் கேட்பார்கள்.

வண்டி நம் ஊர் மாதிரியே இடப்பக்கம்தான், அதனாலேயே அலட்சியம் வந்துவிடும். இருட்டினால் நெடுஞ்சாலையில் ஓட்டாதீர்கள். விளக்கில்லாத சைக்கிளும் நடப்பவர்களும் சாலை ஓரத்திலேயே போவார்கள். பெட்ரோல் தட்டுப்பாடு அடிக்கடி வரும், பாதி டேங்க் ஆனாலே நிரப்பிவிடுவது அங்கே எல்லாருக்கும் பழக்கம். முடிந்தால் குயீன்ஸுக்கு நடந்து போகிற தூரத்தில், ஜின்னரி கார்னர் பக்கமாக, வீடு பார்த்தால் இந்தத் தலைவலியே கிடையாது.

நோயாளிக்குப் போட்ட ஊசி தவறி உங்கள் கையில் குத்திவிட்டால் என்ன செய்வது என்பதை வார்டுக்குப் போகும் முதல் நாளே கேட்டுவிடுங்கள். வயது வந்தோரில் ஏறக்குறைய 7-8 விழுக்காட்டினருக்கு எச்.ஐ.வி. இருக்கிற நாடு, வார்டில் இன்னும் அதிகம். தடுப்பு மருந்தைச் சில மணி நேரத்துக்குள், எப்படியும் 72 மணிக்குள் தொடங்கி 28 நாள் சாப்பிட வேண்டும். ஞாயிறு ராத்திரி அந்த மருந்து அலமாரியின் சாவி யாரிடம் இருக்கும் என்பது வரை தெரிந்திருக்க வேண்டும்.

ஏரியும் ஊர் திரும்புதலும்

மலாவி ஏரிக்குப் போகாமல் யாரும் திரும்புவதில்லை, கேப் மக்ளியரில் தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்கும், தண்ணீரிலிருந்து தோல் வழியாக ஏறும் பில்ஹார்சியா புழுவும் இருக்கும். இறங்காமல் இருக்க முடியவில்லையா, சரி, இறங்கிய தேதியைக் குறித்து வையுங்கள். கரை ஏறியதும் பிராசிகுவான்டெல் விழுங்கிவிட்டு நிம்மதியாக இருக்கிறவர்கள் உண்டு; அந்த மருந்து வளர்ந்த புழுவைத்தான் கொல்லும், இளசை விட்டுவிடும். கடைசியாகத் தண்ணீரில் இறங்கி ஆறு முதல் எட்டு வாரம் கழித்துச் சாப்பிட வேண்டும்.

வீட்டைக் காலி செய்யும்போது மீட்டர் எண், தண்ணீர் பாக்கி, சுவரின் நிலை எல்லாவற்றையும் வீட்டுக்காரரோடு நின்று எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். இன்வெர்ட்டர், கொசுவலை, கேஸ் சிலிண்டர் எல்லாம் அடுத்த பருவத்துக்கு வரும் ஆய்வாளரே வாங்கிக்கொள்வார், ஆய்வு மையத்தின் அறிவிப்புப் பலகையில் ஒரு மாதம் முன்பே ஒட்டிவிட்டால் போதும். வேலை செய்தவர்களுக்குப் பேசியபடி கடைசிக் கணக்கை விமானத்துக்கு முந்தின நாள் அவசரத்தில் முடிக்காமல் முன்பே முடித்து, அடுத்த வேலைக்கு ஒரு பரிந்துரைக் கடிதமும் எழுதிக் கொடுங்கள், அங்கே அந்தக் கடிதத்துக்கு நல்ல மதிப்பு.

மலேரியா மாத்திரையை ஊருக்கு வந்ததும் நிறுத்திவிடுவது கடைசித் தப்பு. அடோவாகுவோன்-புரோகுவானில் என்றால் திரும்பிய பின் ஏழு நாள், மற்ற இரண்டும் நான்கு வாரம் தொடர வேண்டும். வந்து மூன்று மாதத்துக்குள் காய்ச்சல் அடித்தால், டெங்கு சீசன் என்று பக்கத்து கிளினிக்கில் பாரசிட்டமால் வாங்கிக்கொண்டு வராமல், "மலாவியில் இருந்தேன், ஃபால்சிபாரம் இருக்கானு இன்னைக்கே பாருங்க" என்று நீங்களே வாயைத் திறந்து சொல்லுங்கள்.